தாண்டிப்போன பாடம்

அரவேணு
8 ஜூலை 2024, திங்கள்

மக்பூல் ஹஜ்ரத் அவர்களுக்கு அப்சல் ஸலாம் சொல்லி எழுதுவது.

என்னை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டு வருடம் டீ ஃபேக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் ஓட்டிவிட்டு, முப்பத்து மூன்று வயதில் ஓத வந்து, உங்களைவிட ஏழு வயது மூத்தவனாக உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அரவேணு பள்ளிவாசலில் ஐந்து வருடமாக இமாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிஸ்தார் என்ற பையனும் அவன் மாமாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். நிஸ்தார் இங்கே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். போன வருடம் சோலூரிலிருந்து சாதியா என்ற பெண்ணைக் கட்டினான். அவளுக்கு இப்போது ஏழு மாதம். விருந்து வைத்திருக்கிறார்கள். அந்த விருந்தில் நிஸ்தாரின் அம்மா ஜொஹரா பெருமையாக ஒன்று சொல்லியிருக்கிறார்: "இவ எனக்கு மருமவ மட்டுமில்லீங்க. சின்னதுல இவ அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாந்தான் பால் குடுத்தேன்."

பந்தியில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்துவிட்டார்களாம்.

என்னைச் சுற்றி நின்றுகொண்டு கேட்டார்கள். உங்களுக்கு மூன்று முறை போன் போட்டேன். உங்கள் மதரஸா இருக்கும் பள்ளத்தில் டவர் கிடைப்பதில்லை என்பது தெரிந்தும் போட்டேன். மாமா விடவில்லை. "அஜரத்துக்குத் தெரியாதுங்களா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "பால் குடித்திருந்தால் கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான். ஒரே வீட்டில் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே சாதியாவை அவள் அண்ணன் வந்து சோலூருக்குக் கூட்டிப் போய்விட்டான்.

மறுநாள் பழைய நோட்டை எடுத்தேன். திருமணப் பாடத்துக்குப் பிறகு, பால்குடி உறவு என்று தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரே வரி: "ஹஜ்ரத் சொன்னது, இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." மற்றது வெள்ளைத்தாள். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் சொன்னது சரிதானா? போனில் வேண்டாம். என் வீடு ஒரே அறை, பக்கத்து வீட்டுக்குப் பேச்சு கேட்கும். கூடலூருக்குக் காரட் லோடு கொண்டுவரும் பாண்டியனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதிலைக் கொடுங்கள். நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்சல்


கூடலூர்
10 ஜூலை 2024

அன்புள்ள அப்சல் பாய்,

பாண்டியன் லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மழையில் நனைந்துகொண்டு வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். மதிய வகுப்பை நடத்த முடியவில்லை. பிள்ளைகளிடம் பழைய பாடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் ஒன்று. முடிவு எப்படி வந்தாலும் அந்தப் பெண்ணின் வயிற்றில் இருக்கும் பிள்ளை மேல் ஒரு பழியும் இல்லை. தெரியாமல் நடந்த நிகாஹில் பிறக்கும் பிள்ளை தகப்பன் பெயருக்கே உரியது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கே யாரையாவது சோலூருக்கு அனுப்பி இதை அவள் காதில் போடுங்கள்.

நீங்கள் சொன்னது தவறு. முழுத் தவறா என்பது இன்னும் தெரியாது. நாம் ஓதிய கிதாபில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. பால் குடித்தது தனித்தனியாக ஐந்து தடவையாவது இருக்க வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த உறவு ஏற்படாது. எண்ணிக்கையிலோ வயதிலோ நிஜமான சந்தேகம் இருந்தாலும் ஏற்படாது. உங்கள் நோட்டில் வெள்ளைத்தாளாக இருக்கும் இடத்தில் இவை இருந்திருக்க வேண்டும்.

ஏன் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நீங்கள். பின்வரிசையில் மீசை முளைக்கிற பையன்கள். தலைப்பைப் படித்ததுமே ஒருவன் சிரித்தான். மார்பு, பால் என்று வரிக்கு வரி வரும் பக்கத்தை உங்கள் முகத்தைப் பார்த்து விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டினேன். அது முதல் வருடம். அடுத்த வருடம் பழக்கமாகிவிட்டது.

ஜொஹரா அம்மாவிடம் எத்தனை தடவை, பெண்ணுக்கு அப்போது என்ன வயது என்று கேளுங்கள். பதில் வரும்வரை, முடிவு இன்னும் ஆகவில்லை என்று மட்டும் ஊருக்குச் சொல்லுங்கள். நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு பறிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

மக்பூல்


அரவேணு
13 ஜூலை 2024

ஹஜ்ரத்,

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஜொஹரா அம்மா சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தார். விருந்து நாளிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லையாம். ஒரு தடவை கொடுத்தீர்களா, இரண்டு தடவையா என்று கேட்டேன். மனசுக்குள், ஒன்று என்று சொல்லுங்கள் தாயே என்று வேண்டிக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்ப நாங்களும் சோலூருலதான், பக்கத்து ஊடு. ரெண்டு நாளுங்க அஜரத்து. எண்ணிட்டா குடுப்பாங்க? பத்துத் தடவைக்குக் கொறையாது. அவ இட்டிலி தின்னுற புள்ளதான். ஆனா அம்மாளத் தேடி ஓயாம அழுதா. எம்பட எளைய மவ அப்ப மூணு மாசத்துக் கைக்குழந்தை, பால் இருந்துச்சு. அழுவுற புள்ளயச் சும்மா பாத்துட்டு இருக்க முடியுங்களா? இது பாவம்னு எனக்கு யாருமே சொல்லலீங்களே."

ஐந்து போயிற்று. மிச்சமிருப்பது வயது. அந்த இளைய மகள் பிறந்தது 2004 ஆகஸ்ட். அப்படியானால் பால் கொடுத்தது அந்த வருட நவம்பர் வாக்கில். சாதியாவின் ஆதார் நகல் நிஸ்தாரிடம் இருந்தது. பிறந்த தேதி 1-1-2003. ஒரு வருடம் பத்து மாதம்தான் ஆகிறது. அதுவும் போயிற்று.

ஆதார் எதற்கு என்று கேட்ட நிஸ்தாரிடம் இரண்டு வயது நிபந்தனையை மட்டும் சொன்னேன், முடிவைச் சொல்லவில்லை. அவனாகவே விரல் விட்டு எண்ணினான். எண்ணிவிட்டுக் கடைக்குள் போய் ஷட்டரை உள்ளே இருந்து இழுத்துவிட்டான். அவன் மாமாவும் நானும் வெளியே நின்று கத்தினோம். அரை மணி நேரம் ஷட்டரைத் தட்டினோம். பிறகு திறந்தான். கையில் ஒயர் சுருள் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, வாங்கி மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

சோலூருக்கு நானே போனேன். சாதியாவின் அம்மா முனவ்வரா கதவைப் பாதிதான் திறந்தார். "நீங்க சொல்லித்தான கூட்டியாந்தோம். இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்று சாத்திவிட்டார். சாதியாவுக்கு பிரஷர் ஏறி, ஊட்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கேயும் போனேன். பிள்ளை மேல் பழி இல்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "அஜரத்து, உள்ள அசையறப்ப நான் வயித்தத் தொட்டுப் பாக்கலாமுங்களா?"

அந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஹஜ்ரத்? ஒரு மணி நேரம்? அந்த ஒரு மணி நேர வெட்கத்தைத் தாங்கியிருக்கக் கூடாதா? மரியாதை குறைந்து எழுதுகிறேன். எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை.

அப்சல்


கூடலூர்
15 ஜூலை 2024

அப்சல் பாய்,

நீங்கள் அடித்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

அந்தப் பக்கத்தை இன்று மறுபடியும் படித்தேன். விளக்கவுரையில் ஒரு சொல் இருக்கிறது. இரண்டு வருடம் என்பது பிறைக் கணக்கில். நாம் பார்ப்பது காலண்டர். பன்னிரண்டு பிறை சேர்ந்த வருடம், காலண்டர் வருடத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. இரண்டு வருடத்துக்கு இருபத்திரண்டு நாள். அதனால் ஆதாரில் இருக்கும் தேதியை வைத்து முடிவு செய்ய முடியாது. ஜனவரி ஒன்று என்பது பள்ளிக்கூடத்தில் வசதிக்காகப் போடும் தேதியாகவும் இருக்கலாம்.

முதலில் எண்ணிக்கையைப் பிடித்தேன், அது போயிற்று. இப்போது பிறையைப் பிடிக்கிறேன். சேர்த்து வைக்க வேண்டும் என்று எனக்குள் இருக்கும் ஆசை கிதாபின் வரிகளை வளைக்கிறதோ என்று பயப்படுகிறேன். என் தவறை மறைக்க ஹராமை ஹலாலாக்கிவிட்டேன் என்று நாளை இறைவன் முன்னால் நின்றால் என்ன சொல்வேன்? பிரித்தால் ஒரு பயம். சேர்த்தால் அதைவிடப் பெரிய பயம்.

அதனால் ஒன்று செய்யுங்கள். இரண்டு தாய்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். முனவ்வரா அம்மாவிடம், பெண் பிறந்தது எந்தப் பிறையில் என்று. ஜொஹரா அம்மாவிடம், பால் கொடுத்தது எந்தப் பிறையில் என்று. எந்தப் பதில் நல்லது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. உங்கள் முகத்திலும் தெரியக் கூடாது. என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதுங்கள். காகிதம் ஏதாவது இருந்தால் நகல் எடுங்கள்.

நாஜிரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மதரஸாவை நிர்வாகம் செய்கிறவரிடம் மறைப்பது சரியில்லை என்று பட்டது. "உங்க மாணவர் தப்பாச் சொன்னா அது அவர் பாடு. நீங்க பாடம் தாண்டினதை வெளிய சொன்னா அடுத்த வருஷம் ஒரு பிள்ளை இங்க சேராது" என்றார். எண்பது பிள்ளைகள் தங்கி ஓதும் இடம். அவருடைய பயமும் எனக்குப் புரிகிறது.

மக்பூல்


அரவேணு
19 ஜூலை 2024

ஹஜ்ரத்,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நீங்கள் கேட்டபடி, பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

முனவ்வரா அம்மாவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தார். "ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு உங்கள் முன்னால் வரவே மாட்டேன்" என்றேன். நின்றார். மகள் பிறந்தது எந்த மாதம், பிறையில் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க? நோன்பு மாசம். பத்தாம் நோன்பு. நோன்போடதான் வலி வந்துச்சு, நர்ஸம்மா திட்டித் தண்ணி குடிக்க வெச்சாங்க."

ஆதாரில் ஜனவரி என்று இருக்கிறதே என்றேன். "அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப இவ அத்தா சொன்ன தேதிங்க. அவரு எதுக்குமே ஜனவரி ஒண்ணுதான் சொல்லுவாரு." அவர் இறந்து மூன்று வருடமாகிறது. பிறந்தபோது கொடுத்த சர்டிபிகேட் இரும்புப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் அதை ஒரு பையில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினார். 16-11-2002 என்று இருக்கிறது. அதே பையில் முனவ்வரா அம்மா மஞ்சள் காமாலைக்காகச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. சேர்ந்தது 1-11-2004. வெளியே வந்தது மூன்றாம் தேதி.

ஜொஹரா அம்மாவிடம் போவதற்குள், என் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று கோத்தகிரி வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"அதுவும் நோன்பு மாசந்தானுங்க. இவ அம்மாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது பத்ரு நாள் அன்னிக்கு. பள்ளிவாசல்ல இருந்து நேர்ச்சைச் சோறு வந்துச்சு. இந்தப் புள்ளைக்கு ஊட்டிப் பாத்தேன், துப்புனா. அப்பறந்தான் மடியில போட்டேன்."

சொல்லிவிட்டு, "என்னங்க அஜரத்து, இது இன்னும் மோசமுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு அந்த நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

பத்ரு நாள் ரமலான் பதினேழு. நானும் எண்ணிப் பார்த்தேன். இருபது தடவை எண்ணியிருப்பேன். என் விரல்களை நான் நம்பவில்லை. நீங்கள் எண்ணுங்கள். சர்டிபிகேட், சீட்டு இரண்டின் நகலும் உள்ளே இருக்கிறது. சாதியாவுக்கு பிரஷர் இன்னும் இறங்கவில்லை. சீக்கிரம்.

அப்சல்


கூடலூர்
22 ஜூலை 2024

அப்சல் பாய்,

ரமலான் பத்தில் பிறந்த குழந்தைக்கு அடுத்த ரமலான் பத்தில் ஒரு வருடம். அதற்கடுத்த ரமலான் பத்தில் இரண்டு வருடம் முடிந்தது. ஜொஹரா அம்மா முதல் தடவை மடியில் போட்டது ரமலான் பதினேழில். ஏழு நாள் தாண்டிவிட்டது. மாதத்தின் நடுவில் பிறந்த குழந்தைக்கு அந்த மாதத்தை முப்பது நாளாக எண்ண வேண்டும் என்றும் கிதாபில் இருக்கிறது. அப்படி எண்ணினால் ஒரு நாள் குறையும். அப்போதும் ஆறு நாள் மிச்சம். அந்த இரண்டு ரமலானும் பிறந்த தேதிகளைப் பழைய பிறைக் காலண்டரில் பார்த்தேன். உங்கள் இரண்டு காகிதங்களோடும் பொருந்துகின்றன.

என்னை நானே நம்பாததால் ஒரே நாளில் இரண்டு ஆலிம்களிடம் போனேன். யாருடைய விஷயம் என்று சொல்லாமல் எழுதிக் காட்டினேன். யானை ரோட்டில் நின்றதால் பஸ் இரண்டு மணி நேரம் நகரவில்லை. அந்த இரண்டு மணி நேரமும், இரண்டாமவர் வேறு மாதிரி சொல்லிவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒரே பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவர்கள் கணவன் மனைவிதான். ஒரு நாளும் வேறாக இருந்ததில்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவளிடம் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவர்களிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நானே அரவேணுவுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன தவறு எங்கிருந்து வந்தது என்பதை ஊர் முன்னால் நான்தான் சொல்ல வேண்டும். நாஜிரிடம் லீவு கேட்டேன். "போனால் திரும்பி வரும்போது இந்த வேலை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்" என்றார். வருகிறேன்.

மக்பூல்


அரவேணு
4 ஆகஸ்ட் 2024

ஹஜ்ரத்,

அன்றைக்கு நீங்கள் எழுந்து, "பாடத்தைத் தாண்டியவன் நான்" என்று சொன்னபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். என்னைத் திட்டக் காத்திருந்தவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கலைந்தார்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

சாதியா திங்கட்கிழமை வந்துவிட்டாள். முனவ்வரா அம்மாவும் கூட வந்தார். ஜொஹரா அம்மா வாசலுக்கு வரவில்லை, உள் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முனவ்வரா அம்மா நேராக உள்ளே போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு பாத்திரச் சத்தம் கேட்டது.

நிஸ்தார் அன்று மாலை என்னிடம் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.

"மூணு வாரமுங்க அஜரத்து. எம்பொண்டாட்டி எம்மூஞ்சியப் பாக்கப் பயந்துட்டுக் கெடந்தா. இப்பவும் நான் தண்ணி குடுத்தா வாங்கறதுக்கு முன்னால ஒரு தடவை யோசிக்கிறா. அந்த மூணு வாரத்தை எந்தக் கிதாபுல இருந்து எடுத்துக் குடுப்பீங்க?"

அவன் இப்போது கோத்தகிரிப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறான். தினமும் என் வாசலைத் தாண்டித்தான் அவன் பைக் போக வேண்டும். அவன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் எனக்கு அது போதும்.

பள்ளிவாசல் கமிட்டி என்னை வைத்துக்கொண்டது. ஆனால் யாராவது "ஒரு சந்தேகமுங்க" என்று வந்தால், "நாளைக்கு வாங்க, பாத்துச் சொல்றேன்" என்கிறேன். நேற்று ஒருவர், "தொழுவறதுக்கு முன்னால கை கால் கழுவி உளூச் செய்யற தண்ணி பத்திக்கூட நாளைக்குத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? நாஜிர் என்ன சொன்னார்?

அப்சல்


கூடலூர்
29 ஆகஸ்ட் 2024

அப்சல் பாய்,

வேலை போகவில்லை. கடைசி வருட வகுப்பை என்னிடமிருந்து எடுத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர விட்டிருக்கிறார்கள். வகுப்பை ஒப்படைக்கும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அந்த நாளில் அந்த ஒரு பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நடத்தினேன். ஒரு பையன் சிரித்தான். நான் நிறுத்தவில்லை. மார்பு, பால், எத்தனை தடவை, எந்த வயது, சந்தேகம் வந்தால் என்ன என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொன்னேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்பத்தைந்து நிமிடம்.

உங்கள் ஊரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தது. எட்டு வருடம். எட்டு வகுப்பு. உங்களையும் சேர்த்து அறுபத்திரண்டு பேர். எல்லோரும் எங்கோ ஒரு பள்ளிவாசலில் நின்று மக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருடைய நோட்டிலும் அதே வெள்ளைத்தாள்.

பழைய ரிஜிஸ்டரிலிருந்து முகவரி எடுத்து அறுபத்தொரு பேருக்கும் கடிதம் போட்டேன். பாடத்தை முழுவதும் எழுதி, கடைசியில் இப்படி ஒரு கேள்வி உங்களிடம் எப்போதாவது வந்ததா என்று கேட்டிருந்தேன். தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசல் கேட் அருகே போய் நிற்பேன். ஒவ்வொரு கவரையும் பிரிக்க எனக்குப் பயமாக இருக்கும். நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. நாற்பத்திரண்டில் "இல்லை, ஹஜ்ரத்" என்று இருந்தது.

நேற்று வந்தது உபைதுடையது. உங்களுக்கு மூன்று வருடம் பின்னால் ஓதியவர். கோவையைத் தாண்டிப் பாலக்காடு ரோட்டில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். மூன்று தடவை குடித்ததாகச் சொன்னார்கள். பிரிந்துவிடச் சொன்னேன். பிரிந்துவிட்டார்கள். கணவர் போன வருடம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண் அம்மா வீட்டில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தையோடு. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தத் தெரு வழியாக நான் போகவில்லை."

மூன்று தடவை, அப்சல் பாய். ஐந்துகூட இல்லை. பிறை எண்ண வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பெண்ணிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தான் ஏதோ தவறான உறவில் இருந்ததாகவே நினைத்துக்கொண்டு சாவாள். சொன்னால், காரணமே இல்லாமல் வாழ்க்கை போனது என்று தெரிந்துகொண்டு இருப்பாள். எது குறைந்த கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போகாமல் இருக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது. உபைத் வர மாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

உங்களிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அடுத்த வியாழக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் கூட வருவீர்களா?

மக்பூல்


அரவேணு
1 செப்டம்பர் 2024

ஹஜ்ரத்,

வருகிறேன். வியாழன் காலை ஏழரை மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், கோவை பஸ் நிற்கும் பக்கம் இருப்பேன். நீங்கள் முன்னால் வந்துவிட்டால் ஏறிப் போய்விடாதீர்கள்.

என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "ரெண்டு ஆம்பளைங்க போயி நின்னா அந்தப் புள்ள கதவத் தொறக்குமா? நானும் வரேன்" என்றாள். கூட்டி வருகிறேன்.

கதவு திறந்ததும் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். "எங்கள் தவறு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டாலும், தெரிந்தால் தெரியும் என்போம். தெரியாவிட்டால் தெரியாது என்போம்.

எனக்கும் பயம்தான். வந்துவிடுங்கள்.

அப்சல்